அடமானப் பத்திரத்தில் நிபந்தனைகளுக்குப் பதிலாகப் பதிவெண் மட்டும் இருந்தால் அவை நம்மைக் கட்டுப்படுத்துமா?

கேள்வி:
வீட்டுக் கடனுக்காக நான் கையெழுத்திட வேண்டிய அடமானப் பத்திரம் மூன்றே பக்கங்கள்தான். கடன் தொகை, வட்டி, தவணை, சொத்து விவரம் ஆகியவற்றுக்குப் பின், கடன் கொடுப்பவர் நிலப் பதிவகத்தில் ஏற்கெனவே தாக்கல் செய்துள்ள பொது நிபந்தனைகள் இப்பத்திரத்தின் பகுதியாகும் என்று ஓர் எண்ணுடன் ஒற்றை வரி வருகிறது. பத்திரத்தில் அச்சிடப்படாத வாசகம் என்னைக் கட்டுப்படுத்துமா? பின்னாளில் அவர்கள் அதைத் திருத்தினால் என் கடனும் மாறிவிடுமா?

பதில் 1:
சட்டம் இம்முறையை அனுமதிக்கும் இடங்களில் கட்டாயம் கட்டுப்படுத்தும். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தின் 1984ஆம் ஆண்டு நிலப் பதிவுச் சீர்திருத்தச் சட்டம் இதற்கு வழி செய்தது. அந்நாட்டின் மற்றொரு மாகாணமான பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் கடன் நிறுவனங்கள் தம் நிபந்தனைத் தொகுப்பைத் தாக்கல் செய்து எண் பெறுகின்றன. கலிபோர்னியாவில் இன்னும் விசித்திரம்: எந்தச் சொத்தையும் பிணைக்காத ஒரு மாதிரிப் பத்திரத்தை, ‘கற்பனையானது’ என்று முகப்பிலேயே குறித்துப் பதிவு செய்துவிட்டு, உண்மையான பத்திரங்களில் அதைச் சுட்டுகிறார்கள். ஒரே வாசகத்தை ஆயிரக்கணக்கான முறை பதிவேட்டில் ஏற்றும் வீண் வேலையும் பக்கத்துக்கேற்ற கட்டணமும் இதனால் மிச்சமாகின்றன. சொத்தின் பதிவுகளைத் தேடுபவருக்கும் இந்தக் கடனுக்கே உரிய விவரங்கள் உடனே கண்ணில் படுகின்றன.

திருத்தம் பற்றிய அச்சம் நியாயமானது. ஆனால் புதிய தொகுப்பு புதிய எண்ணுடன் வரும்போது, பழைய எண்ணைச் சுட்டும் தங்கள் பத்திரம் பொதுவாகப் பழைய தொகுப்போடுதான் நிற்கும். அதை மாற்றத் தாங்கள் ஒப்புக்கொண்டு கையெழுத்திட வேண்டும். கட்டணங்களை மாற்றும் உரிமையைக் கடன் கொடுப்பவருக்குத் தரும் விதி அந்தத் தொகுப்புக்குள்ளேயே இருக்கிறதா என்பதை மட்டும் அவசியம் பாருங்கள்.

பதில் 2:
மேலே சொன்னது சரி. ஆயினும் ‘பொதுப் பதிவேட்டில் இருக்கிறது, யாரும் பார்க்கலாம்’ என்பதைக் கடன் வாங்குபவருக்குப் போதுமான அறிவிப்பாக நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். தொகுப்பின் நகலைக் கேட்டு வாங்கிப் படித்த பிறகே கையெழுத்திடுங்கள். ‘நகல் பெற்றுக்கொண்டேன்’ என்ற வாசகம் பத்திரத்தில் இருந்து, நகல் கைக்கு வராதிருந்தால் அன்று கையெழுத்திடாதீர்கள். சொத்தை விற்றால் முழுக் கடனும் உடனே செலுத்தத்தக்கதாகுமா, வாடகைக்கு விட அனுமதி தேவையா, தவணை தவறினால் எத்தனை நாள் அவகாசத்தில் விற்பனை நடவடிக்கை தொடங்கும் என்பவையெல்லாம் அந்தத் தொகுப்பில்தான் இருக்கும்.

கேட்டவர்:
நகல் வாங்கிவிட்டேன். முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இல்லை என்று பத்திரம் சொல்கிறது. தொகுப்போ மூன்று மாத வட்டி என்கிறது.

பதில் 1:
ஒன்டாரியோ சட்டப்படி அப்படி முரண்பட்டால் பத்திரத்தில் வெளிப்படையாக எழுதியதே மேலோங்கும். தங்கள் ஊர்ச் சட்டம் எதுவாயினும், தொகுப்பின் அந்த விதி இக்கடனுக்குப் பொருந்தாது என்று அதன் எண்ணைக் குறிப்பிட்டுப் பத்திரத்திலேயே ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பதிவுக்கு முன் இதைச் செய்வது எளிது. பதிவான பின் திருத்தப் பத்திரம் ஒன்றைத் தனியாகப் பதிய வேண்டியிருக்கும்.