பூனைத் தொட்டியில ஒரு மூடி ஜெய்ஸ்: ஊத்தலாமா, கூடாதா?

சாட்ஸ்வொர்த் அக்கா:
நேத்து ராத்திரி வெருலம்வாசி அண்ணா ஒரு யோசனை போட்டிருந்தார். லிட்டர் டிரே, அதான் பூனை மூத்திரம் மலம் போற மண்தொட்டி, நாறினா, ஒரு வாளித் தண்ணியில ஒரு மூடி ஜெய்ஸ் கிருமிநாசினி ஊத்தி, அரைமணி நேரம் ஊறப்போட்டு அலசுங்க, ஈகூட அண்டாதுன்னு. கீழே வரிசையா "நன்றி அண்ணா", "நாளைக்கே செய்யறேன்". தயவுசெஞ்சு யாரும் செய்யாதீங்க. படிச்சதுல இருந்து மனசு ஆறல.

ஜெய்ஸை ஊத்தினதும் தண்ணி பால் மாதிரி வெளுக்குதில்ல, அதைக் கவனிங்க. டெட்டாலும் அப்படித்தான் வெளுக்கும். ரெண்டும் ஃபீனால் வகைச் சரக்கு. மனுஷனோட ஈரல், நாயோட ஈரல் அதை மாத்தி மூத்திரத்துல தள்ளிடும். பூனை ஈரல்ல அதுக்கு வேண்டிய நொதி சரியா கிடையாது. ஒரே ஒரு பனாடோ (பாராசிட்டமால்) மாத்திரை பூனையைக் கொல்றதுக்கும் இதே குறைதான் காரணம். டிரேயில நிக்கிற பாதத்தைத்தான் அது அடுத்த நிமிஷம் நக்கும். வாய் புண்ணாகும், எச்சில் ஒழுகும், வாந்தி, நடுக்கம், தள்ளாட்டம், அதுக்கப்புறம் ஈரல்.

வெருலம்வாசி:
தங்கச்சி, நான் எழுதினது ஒரு மூடி. ஒரு மூடின்னா பத்து மில்லி. வாளி பத்து லிட்டர். ஆயிரத்துல ஒரு பங்கு. அதையும் அலசிடறோம். வெயில்ல காய வைக்கிறோம். மிச்சம் என்ன இருக்கும்? ஊர்ல நாய்க்கொட்டில் பூரா இதுலதான் கழுவறாங்க. ஒரு மூடிக்கு இவ்வளவு கூப்பாடா?

டொங்காட் தம்பி:
எந்த மூடி அண்ணா? அரை லிட்டர் போத்தல் மூடியா, அஞ்சு லிட்டர் கேன் மூடியா? ரெண்டும் ஒண்ணா?

வெருலம்வாசி:
சின்ன மூடி. எல்லாருக்கும் தெரிஞ்ச மூடி. தம்பிக்கு மட்டும் தெரியல போல.

சாட்ஸ்வொர்த் அக்கா:
அண்ணா, நாய்க்கொட்டிலைக் கொண்டுவந்து பூனைக்கு அளவு சொல்லாதீங்க. நாய்க்கு அந்த நொதி இருக்கு. பூனைக்குச் சரியா இல்லை. இதுக்கு மேல எப்படிச் சொல்றது?

"அலசிட்டா போச்சு"ங்கறீங்க. பழைய டிரே ஒண்ணைக் கவுத்து வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க. அடியில நகம் பட்டு நூறு கீறல் இருக்கும். மூத்திரம் போய் உக்கார்றது அந்தக் கீறல்லதான். ஜெய்ஸ்ல இருக்கிற தார் எண்ணெயும் அங்கேதான் உக்காரும். காய்ஞ்ச டிரேயை மோந்து பாருங்க, ஜெய்ஸ் வாடை அடிக்கும். வாடை இருந்தா சரக்கும் இருக்கு. மனுஷ மூக்குக்கே தெரியுதுன்னா பூனை மூக்குக்கு அது எப்படி இருக்கும்? விஷம் ஏறாட்டாலும் அந்த வாடைக்கே டிரேயை விட்டு விலகி, பாத்ரூம் மிதியடியில போகும். விளிம்புல நாலு காலையும் வச்சு நிக்கறது, மண்ணைத் தோண்டாம பிளாஸ்டிக்கைச் சொறியறது, போயிட்டு மூடாம குதிச்சு ஓடறது, இதெல்லாம் டிரே பிடிக்கலன்னு அது காட்டற அடையாளம்.

வெருலம்வாசி:
கீறல் கதை வேண்டாம். ஒரு மூடி. பத்து லிட்டர். பதில் சொல்லுங்க.

லெனேசியா பூனைவீடு:
இதுக்கு ஏன் சண்டை? பிளீச் ஊத்திட்டுப் போங்க.

சாட்ஸ்வொர்த் அக்கா:
பிளீச்சை அப்படியே ஊத்தறதும் தப்பு. மூத்திரத்துல அம்மோனியா இருக்கு. பிளீச் அதோட சேர்ந்தா குளோரமின் புகை வரும், கண்ணும் நெஞ்சும் எரியும். வினிகரோட சேர்த்தா குளோரின் வாயு. முறை இதுதான்: மண்ணை முழுக்கக் கொட்டிட்டு, சுடுதண்ணி, வாசனை இல்லாத பாத்திரம் கழுவுற சோப்பு, டிரேக்குன்னே ஒதுக்கின பிரஷ். வாராவாரம் கழுவ இது போதும். கிருமி பயம் இருந்தா, கழுவி முடிச்ச டிரேயில மட்டும் ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணி, அதாவது லிட்டருக்கு 30 மில்லி, பத்து நிமிஷம் விட்டு, வாடை போறவரை அலசி, வெயில். குட்டிகளை அள்ளிக்கிட்டுப் போற பான்லூக்கோபீனியா வைரஸுக்கு இது வேலை செய்யும். சாதாரண வாசனைக் கிருமிநாசினி பலதும் அதைத் தொடாது.

வெருலம்வாசி:
ஆக, தங்கச்சி 30 மில்லி பிளீச் ஊத்தினா சுத்தம். நான் பத்து மில்லி ஜெய்ஸ் ஊத்தினா கொலை. நல்ல நியாயம்.

சாட்ஸ்வொர்த் அக்கா:
பிளீச் காய்ஞ்சா பெரும்பாலும் உப்பாப் போயிடும். தார் எண்ணெய் அப்படிப் போகாது. எத்தனை மில்லிங்கறதை விட எந்தச் சரக்குங்கறதுதான் முக்கியம் அண்ணா.

டொங்காட் தம்பி:
அக்கா, ஒரு சந்தேகம். பைன் மரத்தூள் உருண்டைதான் சிறந்த லிட்டர்னு போன வாரம் எழுதினீங்க. பைன்லயும் ஃபீனால் இருக்கே?

வெருலம்வாசி:
கேளு தம்பி, நல்லாக் கேளு!

சாட்ஸ்வொர்த் அக்கா:
பச்சை பைன் மரத்துல இருக்கு. உருண்டையாக்கறதுக்கு முன்னால மரத்தூளைச் சூட்டுல காய வைப்பாங்க, அதுலயே பெரும்பங்கு ஆவியாயிடும். தச்சுப் பட்டறையில அள்ளின பச்சைத்தூளைப் போடாதீங்க, அவ்வளவுதான். நம்ம டர்பன் ஊரு ஈரக்காத்துக்கு பைன் உருண்டையை நான் சொல்றதுக்கும் காரணம் இருக்கு. டிரேயில போடற பென்டோனைட் களிமண் பையைத் திறந்து வச்சா காத்துல இருக்கிற ஈரத்தையே குடிச்சுக் களியாயிடும், அப்புறம் மூத்திரம் பட்ட மண் கட்டியாச் சரியாச் சேராது. அந்த மண்தான் வேணும்னா இறுக்கி மூடுற வாளியில கொட்டி வைங்க. டிரேயில அஞ்சுல இருந்து ஏழு சென்டிமீட்டர் உயரம் போடுங்க. ரெண்டு சென்டிமீட்டர் போட்டா மூத்திரம் அடிவரை இறங்கி ஒட்டிக்கும். அதைச் சுரண்டித்தான் நகம் படாத இடத்துலயும் கீறல் விழுது, நாத்தமும் வருது. தினம் ரெண்டு வேளை அள்ளுங்க, பூனை எத்தனையோ அதைவிட ஒரு டிரே கூட வைங்க. ஜெய்ஸுக்கு வேலையே இருக்காது. வருஷத்துக்கு ஒரு தடவை டிரேயை மாத்துங்க.

அள்ளறதுல இன்னொரு லாபம், கட்டியை எண்ணலாம். நல்லா இருக்கிற பூனை நாளைக்கு ரெண்டுல இருந்து நாலு மூத்திரக்கட்டி போடும். கடுவன் டிரேயில திரும்பத் திரும்ப உக்காந்து முக்குது, கட்டியே இல்லைன்னா மூத்திரக்குழாய் அடைச்சிருக்கு. காலையில பாத்துக்கலாம்னு விடக்கூடாது, அந்த நேரமே வெட்கிட்ட, அதான் மிருக டாக்டர்கிட்ட, ஓடணும். ஒண்ணு ரெண்டு நாள்ல உயிர் போகும். ஊறப்போட்டு, தேய்ச்சு, காயவச்சுன்னு டிரேயை அரைநாள் எடுத்துட்டா இதை எப்படிக் கவனிப்பீங்க?

ஃபீனிக்ஸ் மாமி:
எல்லாரும் டிரேயையே கட்டிப்பிடிச்சு அழறீங்க. நாத்தம் தீனித் தட்டுல இருந்து வருது. பாப், அதான் சோளமாவுக் களி, கிளறி, தக்காளி சாஸ் பில்ச்சர்ட் மீன் டின்னை உடைச்சு ஊத்தி, அதையே மூணு வேளை வைக்கிற வீடு எத்தனை! சோளமாவுல பூனைக்கு என்ன இருக்கு? அது கறி தின்னே ஆகவேண்டிய உயிர். கறியில இருக்கிற டாரின்ங்கற சத்து கிடைக்காட்டி கண்ணும் இதயமும் கெடும். எண்ணெய் மீனையே நாள்தோறும் போட்டா வைட்டமின் ஈ குறைஞ்சு உடம்புக் கொழுப்பு மஞ்சளா வீங்கி, தொட்டாலே கத்தும். சாஸ்ல வெங்காயம், பூண்டு இருந்தா ரத்தச் சிவப்பணு உடையும். கருத்தடை செஞ்ச நாலு கிலோ பூனைக்கு ஏறக்குறைய 200 கலோரி, அதாவது காய்ஞ்ச தீனின்னா 50, 60 கிராம். தராசுல நிறுத்துப் போடுங்க. டின் உணவுல முக்கால் பங்கு தண்ணி, காய்ஞ்சதுல பத்துல ஒண்ணுகூடத் தேறாது. கடுவனுக்குத் தண்ணி உள்ளே போக ஒரு வேளையாவது டின் கொடுங்க.

வெருலம்வாசி:
மாமி, பாப் தின்னு வளர்ந்த பூனை இந்த ஊர்ல ஆயிரம் இருக்கு.

ஃபீனிக்ஸ் மாமி:
எலியும் பல்லியும் பிடிச்சுத் தின்னு வளர்ந்தது. பாப் தின்னு இல்ல.

லெனேசியா பூனைவீடு:
வெருலம்வாசி அண்ணா யோசனை இப்படி ஆகறது இது முதல் தடவையும் இல்லை. போன மாசம் பூனைக்கு வர்ற பிலியரிங்கற ரத்த ஒட்டுண்ணி நோய்க்கு மனுஷங்க மலேரியா மாத்திரையைக் கால்வாசி உடைச்சுக் கொடுங்கன்னு எழுதினதும் இவர்தான்.

வெருலம்வாசி:
அது பிரிமாகுவின். வெட்டும் அதைத்தான் கொடுக்கறார். பொய்யா?

சாட்ஸ்வொர்த் அக்கா:
மருந்து அதுதான். அளவுலதான் உயிர் இருக்கு. கிலோவுக்கு அரை மில்லிகிராம். நாலு கிலோ பூனைக்கு ரெண்டு மில்லிகிராம். கிலோவுக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்டினா செத்துப்போகலாம். மாத்திரையில 15 மில்லிகிராம் இருக்கு. கால்வாசி உடைச்சா கிட்டத்தட்ட நாலு. நீங்க சொன்ன கால்வாசி மரணத்தோட வாசப்படி அண்ணா. அதைக் கத்தியால உடைக்கச் சொன்னீங்க. ஈறு வெளுத்து, தீனி தள்ளி, சுருண்டு கிடந்தா ரத்தம் எடுத்துப் பார்த்து வெட் அளந்து கொடுக்கணும். அன்னைக்குக் கால்வாசி, இன்னைக்கு ஒரு மூடி. உங்க அளவெல்லாமே இப்படித்தான்.

வெருலம்வாசி:
பழசைக் கிளறாதீங்க. இங்க பேச்சு ஜெய்ஸ் பத்தி. ஒரு மூடியில செத்த பூனையைக் காட்டுங்க, ஒத்துக்கறேன்.

சாட்ஸ்வொர்த் அக்கா:
செத்தாதான் ஒத்துப்பீங்களா? ஏற்கெனவே ஊத்தினவங்க கேளுங்க: அந்த டிரேயைத் தூக்கிப் போடுங்க. பூனை பாதத்துல வாடை இருந்தா வெதுவெதுப்பான தண்ணியில பாத்திர சோப்பு கலந்து விரலிடுக்கு வரை கழுவுங்க. துடைச்சுக் காயறவரை நக்க விடாம துண்டுல சுத்திப் பிடிங்க. வாந்தி எடுக்க வைக்காதீங்க, தொண்டை இன்னொரு தடவை வெந்துபோகும். எச்சில் ஒழுகினா போத்தலையும் கையோட எடுத்துக்கிட்டு வெட்கிட்ட போங்க.

டொங்காட் தம்பி:
அண்ணா, நேத்து போட்ட பதிவை எடுத்துடுங்களேன். இன்னும் ஆள் வந்து நன்றி சொல்லிக்கிட்டிருக்காங்க.

வெருலம்வாசி:
எடுக்க மாட்டேன். மூடி பத்து மில்லிதான். மருந்து ஊத்துற சிரிஞ்சுல அளந்து பார்த்துட்டு வந்து பேசுங்க.

சாட்ஸ்வொர்த் அக்கா:
அப்ப அந்தப் பதிவுக்குக் கீழே ஒவ்வொரு நாளும் நான் இதையே எழுதுவேன் அண்ணா. பூனை இருக்கிற வீட்டுல ஒரு சொட்டும் வேண்டாம்.