புதுப்பிப்பு: படிவம் 2210 (வரித் தவணையைக் குறைவாகக் கட்டியதற்கான அபராதக் கணக்கு), அபராதம் பூஜ்யம்

போன இழையில் கேட்டது இதுதான்: 2024 டிசம்பரில் பங்குகளை விற்றேன். 12,000 டாலர் கூடுதல் வரியை ஜனவரி 15 அன்றே ஐஆர்எஸ்ஸுக்கு (அமெரிக்க வரித்துறை) கட்டியும், வரி மென்பொருள் 395 டாலர் அபராதம் காட்டியது. ஏன்?

விடை கிடைத்துவிட்டது. எப்போது சம்பாதித்தாலும், வருமானம் ஆண்டு முழுக்கச் சீராக வந்தது என்றே வழக்கமான கணக்கு எடுத்துக்கொள்கிறது. வரியை நான்கு தவணையாகக் கட்ட வேண்டும் என்பதால், 12,000-ஐப் பிரித்து ஒவ்வொரு தவணைக்கும் தலா 3,000 டாலர் பாக்கி என்கிறது. ஏப்ரல் தவணைக்கு மட்டும் 2024 முடிய 8%, பிறகு 7% என்று நாள் கணக்கில் வட்டி போட்டால் 179 டாலர் வருகிறது. ஏப்ரலில் என் கையில் அந்தப் பணமே இல்லை!

சிலர் சொன்னபடி, படிவம் 2210-இல் உள்ள ஷெட்யூல் ஏஐ-யை (வருமானம் வந்த காலத்துக்கு ஏற்பத் தவணையைக் கணக்கிடும் பகுதி) நிரப்பினேன். மார்ச், மே, ஆகஸ்ட், டிசம்பர் முடிய வந்த வருமானத்தைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும். பழைய சம்பளச் சீட்டுகளைத் தோண்டி எடுப்பது பெரிய தலைவலி. ஆனால் பங்கு லாபம் கடைசித் தவணைக்குப் போய்விட்டது. மற்ற மூன்றுக்கும் சம்பளத்தில் பிடித்த வரியே போதுமானது. அபராதம் பூஜ்யம். படிவத்தில் சி கட்டத்தை டிக் செய்து, ரிட்டர்னோடு சேர்த்து அனுப்ப வேண்டும், மறக்காதீர்கள்.

முந்தைய ஆண்டான 2023-இன் மொத்த வரிக்குச் சமமான தொகையை (100%) 2024-க்கான தவணைகளில் கட்டியிருந்தால் இந்தப் பாடே இல்லையே என்று ஒருவர் கேட்டிருந்தார். சரிதான், ஆனால் முந்தைய ஆண்டு ஏஜிஐ (சில கழிவுகள் போக மீதமுள்ள மொத்த வருமானம்) 1,50,000 டாலரைத் தாண்டினால் அது 110%. எனக்கு அங்கேதான் இடித்தது.

அப்புறம், சம்பளப் பிடித்தம் எந்த மாதம் பிடிக்கப்பட்டாலும் நான்கு தவணைக்கும் சமமாகப் பிரித்தே வரவு வைக்கப்படும். இந்த ஆண்டு பங்கு விற்றால், டிசம்பரிலேயே டபிள்யூ-4-ஐ (சம்பளத்தில் எவ்வளவு வரி பிடிக்க வேண்டும் என்று நிறுவனத்துக்குச் சொல்லும் படிவம்) மாற்றிக் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லப்போகிறேன்.