முருங்கை அவரைக் குடும்பமா?

கமலா_மாடித்தோட்டம்:
பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் பூக்களைக் காயவைத்து நோட்டில் ஒட்டுகிறாள். முருங்கைப் பூவை அவரை, அகத்திப் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். நீளக்காய், கூட்டிலை, எனக்கும் சரி என்றுதான் பட்டது. வகுப்பில் தப்பு என்றார்களாம். எதை வைத்துப் பிரிக்கிறார்கள்?

சோலை_வாத்தியார்:
கமலாம்மா, பிள்ளையைத் திட்டாதீர்கள். செடிகளுக்கு அறிவியல் பெயர் வைத்து வகைப்படுத்திய லின்னேயசே 1753இல் முருங்கையைக் கழற்சிக்காயோடு ஒரே பேரினத்தில்தான் (நெருங்கிய சிற்றினங்களின் தொகுதி) வைத்தார். கழற்சி அவரைக் குடும்பம்.

காயைப் பாருங்கள். அவரைக்காய் முற்றினால் இரண்டாகப் பிளக்கும். மரத்திலேயே காய்ந்த முருங்கைக்காயை முறுக்கினால் மூன்றாகப் பிளக்கும். விதையிலும் அதே மூன்று: பழுப்பு உருண்டையைச் சுற்றிக் காகிதம் போல மூன்று சிறகு. என் மாணவர்கள் அதை மாடியிலிருந்து பறக்கவிடுவார்கள்.

அப்புறம் பூ. காலையில் உதிர்ந்ததே போதும். வெளி இதழான புல்லி ஐந்தும் உள் இதழான அல்லி ஐந்தும் ஏறக்குறைய ஒரே வெள்ளை, அதனால் பத்து இதழ் போலத் தெரியும். உள்ளே ஐந்து மகரந்தத்தாள்களின் நுனியில் மஞ்சள் பை இருக்கும். இடையிடையே நிற்கும் குட்டைத் தாள்கள் மொட்டை. அவரையில் பத்துத் தாளிலும் பை உண்டு. லென்ஸ் இருந்தால் அந்த மஞ்சள் பையை நன்றாகப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரே அறைதான், செம்பருத்தியில் இருப்பது போல. பின்னால் காயாகும் சூலகமும் ஒரு குட்டிக் காம்பின்மேல் உட்கார்ந்திருக்கும்.

கமலா_மாடித்தோட்டம்:
இப்போதே ஒரு பூவைப் பிரித்துப் பார்த்தோம் சார், மொட்டைத் தாள் தெரிகிறது! அப்படியானால் முருங்கைக்கு யார் சொந்தம்?

சோலை_வாத்தியார்:
விதையில் முளைத்த சின்னக் கன்றைப் பிடுங்கி வேரைக் கசக்கி முகருங்கள். கடுகு நெடி அடிக்கும். கடுகு இருக்கும் வரிசையில்தான் (பல குடும்பங்கள் சேர்ந்த பெரிய பிரிவு) முருங்கையும் வருகிறது. அதிலும் ஒட்டிய உறவு பப்பாளிக் குடும்பம். பப்பாளி விதையைக் கடித்தால் அதே காரம். முருங்கைக் குடும்பம் மிகச் சின்னது, ஒரே பேரினம், 13 சிற்றினம். அந்தப் பேரினத்தின் மொரிங்கா என்ற பெயரே நம் முருங்கையிலிருந்து போனது. மடகாஸ்கரில் வளர்பவற்றுக்கு அடிமரம் பீப்பாய் மாதிரி பருத்திருக்கும்.

பெரம்பலூர்_செல்வம்:
ஐயா, எங்கள் பக்கம் காட்டுமுருங்கை என்று ஒன்று உண்டு. இலை பெரிது, இதழில் செவ்வரி ஓடும். அதுவும் அந்த 13இல் வருமா?

சோலை_வாத்தியார்:
வரும் தம்பி, அது மொரிங்கா கொங்கணென்சிஸ் என்ற சிற்றினம். இந்தியாவுக்கு உரியவை நம் முருங்கையும் இதுவும்தான். பூக்கும்போது ஒரு கொத்தைப் படம் எடுத்து இங்கே போடுங்கள், கமலாம்மா மகள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.