பாடகர் இல்லாத கிட்டார்: குமரி மாவட்டத்து அனுபவங்கள்

தேரூரிலிருந்து:

கிட்டாரை மட்டும் வைத்து இசை அமைக்கிறேன் என்று சொன்னால் எங்கள் பக்கத்தில் உடனே வருகிற கேள்வி, “அப்போ யாரு பாடுவா?” என்பதுதான். கிண்டலுக்கு இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறார்கள். குமரி மாவட்டத்தில் கிட்டாருக்குக் குறைவே கிடையாது. சர்ச் பாடகர் குழு, கோயில் திருவிழாவில் சினிமாப் பாட்டுகளை மேடையில் இசைக்கிற கானமேளா, கல்லூரி ஆண்டு விழா என்று எங்கே போனாலும் ஒன்று இருக்கும். எல்லா இடத்திலும் அது பாடுகிறவருக்குப் பின்னால்தான் நிற்கிறது. அதை முன்னால் கொண்டுவர எனக்குப் பல வருடங்கள் பிடித்தன. அந்த வழியில் எனக்குக் கை கொடுத்த இரண்டு பேரைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

முதலாமவர் எங்கள் சபையில் ஆர்கன் வாசித்த ஐயா. சி.எஸ்.ஐ. ஆராதனைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே பாமாலையும் உண்டு, கீர்த்தனையும் உண்டு. பாமாலை மெட்டுகள் மேல்நாட்டிலிருந்து வந்தவை. மேலிருந்து கீழாக சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பேஸ் என்று நாலு குரலுக்கு அமைந்தவை. கீர்த்தனைகள் நம் ராகத்திலும் தாளத்திலும் பிறந்தவை. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) எழுதியவை இன்றும் பாடப்படுகின்றன. ஒரே ஞாயிறு காலையில் இந்த இரண்டும் காதில் விழுந்து வளர்ந்தவன் நான். பாமாலையைக் கிட்டாரில் தனியாக வாசிக்க முடியுமா என்று கேட்டபோது ஐயா என் வலது கையைப் பிடித்து விரித்துக் காட்டினார். “நாலு குரலு. நாலு விரலு. கட்டைவிரலுக்கு பேஸ், மோதிர விரலுக்கு மெட்டு, நடுவுல உள்ளது நடுவுல.” எல்லாக் குரலும் கைக்கு எட்டாத இடம் வரும்போது என்ன செய்வது என்பதையும் அவரே சொன்னார்: டெனரை விடு, ஆல்டோவை விடு, மேலேயும் கீழேயும் உள்ளதை மட்டும் எந்தக் காரணத்துக்கும் விடாதே. இன்றுவரை ஒரு மெட்டைக் கிட்டாருக்கு மாற்றும்போது நான் முதலில் எழுதுவது அந்த இரண்டு வரிகளைத்தான்.

அப்புறம் லண்டன் ட்ரினிட்டி கல்லூரி நடத்துகிற மேல்நாட்டு இசை கிரேடு தேர்வுகள், அதன்பின் கானமேளா. அங்கே பாட்டுக்கு நடுவில் வருகிற இடையிசைதான் எங்களுக்குப் பரீட்சை. இளையராஜா பாடல்களில் சதானந்தம் வாசித்த கிட்டார் துண்டுகளைச் சுரம் பிசகாமல் எடுத்தால் மேடையில் மரியாதை. பல்லவி முடிந்து சரணம் தொடங்குவதற்குள் கிட்டார் தனியாகப் பேசுகிற அந்தச் சில விநாடிகளுக்காகவே நான் கச்சேரிக்குப் போனேன் என்று சொல்லலாம். அந்த விநாடிகளை ஒரு முழுப் பாட்டின் நீளத்துக்கு நீட்ட வேண்டும் என்ற ஆசை அங்கேதான் வந்தது.

இரண்டாமவர் வில்லிசையில் குடம் அடிக்கிறவர். நாஞ்சில் நாட்டு அம்மன் கோயில் விழாக்களான கொடைகளில் ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு நடக்கும். பாட்டையும் கதையையும் எல்லோரும் கவனிப்பார்கள், வீசுகோல் என்கிற தடி வில்லின் நாணில் விழும்போது மணிகள் அதிர்வதையும் பார்ப்பார்கள். குடத்தை உற்றுப் பார்க்கிறவர்கள் குறைவு. வில்லோடு சேர்த்துக் கட்டிய பெரிய மண்குடம் அது. அவர் மட்டையால் அதன் வாயில் ஒரு அடி கொடுத்துவிட்டு, கையை அப்படியே அந்தரத்தில் நிறுத்துவார். குடத்துக்குள் அந்தச் சத்தம் சுற்றி அடங்குகிற வரை கை இறங்காது. புலவர் கதையை வேகமாக ஓட்டும்போதுகூட அந்த நிறுத்தம் எங்கோ ஓர் இடத்தில் வந்துவிடும். விடியும்வரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு ஒரு நாள் கிட்டாரோடு அவர் வீட்டுக்குப் போனேன். அப்போது எனக்கு வேகத்தில் பெரிய பிரியம். இருப்பதிலேயே வேகமான ஒன்றை வாசித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “என்னத்துக்கு மக்களே இந்த ஓட்டம்? அடிச்ச சத்தம் போய்ச் சேரட்டும்” என்றார்.

அந்த ஒரு பேச்சில் கிட்டாரின் இயல்பே அடங்கியிருக்கிறது. நாதஸ்வரத்தில் மூச்சு உள்ளவரை சுரம் நிற்கும். வயலினில் வில் ஓடும்வரை நிற்கும். கிட்டார் கம்பியைத் தட்டிவிட்ட நொடியிலிருந்தே அதன் ஒலி தேயத் தொடங்குகிறது. மெல்லிய கம்பியில் இன்னும் சீக்கிரம் தேயும், கழுத்தில் மேலே போகப் போக இன்னும் சீக்கிரம். பாடகருக்குப் பின்னால் வாசிக்கும்போது இது தெரியாது, அவர் குரல் அந்த இடத்தை நிரப்பிவிடும். தனியாக வாசிக்கும்போது தேய்வதையும் சேர்த்துத்தான் மெட்டு அமைக்க வேண்டும். எந்தச் சுரம் எவ்வளவு நேரம் உயிரோடு இருக்கும் என்று பார்த்து, அது அடங்கும் இடத்தில் அடுத்ததை வைக்க வேண்டும். என்னைக் கேட்டால், கிட்டாரில் தனியிசை அமைக்கிறவருக்கு இதைவிடப் பெரிய பாடம் எதுவும் கிடையாது.

சரி, ஒலியைக் கொஞ்சம் நீட்டவே முடியாதா என்றால், முடியும். சாதாரணமாகக் கம்பிகளை ஆறாவதிலிருந்து முதலாவது வரை இ-ஏ-டி-ஜி-பி-இ என்று சுருதி சேர்ப்போம். ஆறாவதையும் முதலாவதையும் டி-க்கும், இரண்டாவதை ஏ-க்கும் இறக்கினால் டி-ஏ-டி-ஜி-ஏ-டி. 1960-களில் இங்கிலாந்தின் டேவி கிரஹாம் வழியாகப் பரவிய ட்யூனிங் இது. டி-யை ஸட்ஜமாக வைத்துப் பாருங்கள்: ஸ-ப-ஸ-ம-ப-ஸ. தம்பூராவைக் கையில் எடுத்ததுபோலத்தான். ஒரு கம்பியில் ஸ வாசித்தால் மற்ற ஸ கம்பிகளும் தானாக அதிர்ந்து ஒலியைத் தாங்குகின்றன. சுத்த மத்யமம் உள்ள நீலாம்பரி, ஆனந்தபைரவி போன்ற ராகங்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். மோகன ராகத்தில் மத்யமம் (ம) இல்லை, திறந்த ஜி கம்பி உறுத்தும். அதை அரைச் சுரம் இறக்கி எஃப் ஷார்ப் ஆக்கினால் அந்தர காந்தாரம் (க) வந்துவிடும், அந்த ராகத்துக்கு அதுவே உயிர்.

சுரத்தை அசைத்து வாசிக்கிற கமகத்துக்குக் கம்பியைப் பக்கவாட்டில் இழுக்க வேண்டும். அகூஸ்டிக் கிட்டார் கம்பி செட்டில் மூன்றாவது கம்பி, மேலே மெல்லிய உலோகம் சுற்றிய சுற்றுக்கம்பியாக வரும், அதை இழுத்தால் விரல்தான் நோகும். சுற்றில்லாத கம்பியை மாட்டிய பிறகே எனக்குக் காந்தாரம் அசைந்தது. யு. ஸ்ரீநிவாஸ் மாண்டலினில் இரட்டைக் கம்பிகளை விட்டுவிட்டு ஒற்றைக் கம்பி ஐந்தோடு மின் மாண்டலின் வாசித்தது ஏன் என்பது அப்போது நன்றாக விளங்கியது. கர்நாடக இசையைக் கிட்டாரிலேயே முழுதாகக் கேட்க நினைப்பவர்கள் கிட்டார் கலைஞர் பிரசன்னாவைக் கேளுங்கள்.

ஆனந்தபைரவி சாயலில் நான் முதலில் முடித்த மெட்டில் குடத்தைக் கிட்டாரிலேயே கொண்டுவர முயன்றேன். கம்பி கட்டியிருக்கும் பிரிட்ஜ் பக்கத்தில், பெட்டியின் மேல் பலகையில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் தட்டினால் தாழ்ந்த ஒலி ஒன்று வரும். வீசுகோலுக்குக் கட்டைவிரலின் பக்கத்தால் தொய்வான ஆறாவது கம்பியில் ஒரு அடி. பதிவு செய்து குடக்காரரிடம் கொண்டுபோனேன். முழங்காலில் தாளம் போட்டபடி கண்ணை மூடிக் கேட்டார். “குடம் கொஞ்சம் முந்துது. மத்தது சரியாட்டு இருக்கு.” வீட்டுக்கு வந்து திரும்பவும் பதிவு செய்தேன்.

தூத்தூர் பக்கத்திலிருந்து:

அண்ணா, தேய்வது பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு என் கிட்டாரை எடுத்து ஒவ்வொரு கம்பியாகத் தட்டிக் கேட்டேன். கடற்கரையில் இருக்கிற எங்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு: உப்புக் காற்று. புதுக் கம்பி சீக்கிரமே கறுத்து, ஒலி மங்கிவிடும். அதனால் நான் நைலான் கம்பி கிட்டாருக்கு மாறினேன். அதிலும் பேஸ் கம்பிகளின் உலோகச் சுற்று மங்கத்தான் செய்யும், இருந்தாலும் பரவாயில்லை. நம் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழைக்காலம், அக்டோபரில் இன்னொன்று. ஈரத்தில் மேல் பலகை உப்பி, கம்பி உயர்ந்துவிடும். மார்த்தாண்டத்தில் கிட்டார் பழுது பார்க்கிற ஒரு அண்ணன் இதைப் பலகையின் மேல் ஒரு ஸ்கேலை நிறுத்திக் காட்டினார். நடுவில் மேடு, ரெண்டு பக்கமும் வெளிச்சம் தெரிந்தது. கிட்டாரை வைக்கிற பெட்டிக்குள் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் இருந்தால் மரத்துக்கு நல்லது என்றார். அன்றிலிருந்து சிலிக்கா ஜெல் பொட்டலம் இல்லாமல் பெட்டியை மூடுவதில்லை.

நான் சொல்ல வந்த சந்திப்பு வேறு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று எங்கள் ஊர்கள் எல்லாவற்றிலும் கடலுக்குப் போனவர்களுக்காகக் காத்திருந்தோம். பலர் வரவே இல்லை. அடுத்த வருடம் நினைவு நாளுக்கு ஒரு பாட்டு செய்யச் சொன்னார்கள். எந்த வரியை எழுதினாலும் பொய்யாகப் பட்டது. கடைசியில் மெட்டை மட்டும் வாசித்தேன். மூன்று சுரம் மேலே ஏறும், நாலாவது வர வேண்டிய இடத்தில் எதுவும் வராது. திரும்பவும் கீழேயிருந்து தொடங்கும்.

முடிந்ததும் ஒரு அக்கா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவர் வீட்டுக்காரரும் திரும்பி வராதவர்களில் ஒருவர். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். “இதுக்கு வார்த்தை போட்டுராத பிள்ளே. நான் எனக்குள்ளத சொல்லிக்கிடுதேன்” என்றார். பாடகர் இல்லாத இசை எதற்கு என்று இப்போது யாராவது கேட்டால் அந்த அக்காவைத்தான் நினைத்துக்கொள்வேன். இதுவரை அந்த மெட்டுக்குப் பெயரும் வைக்கவில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து:

கல்யாண வரவேற்புகளில் தனியாகக் கிட்டார் வாசிக்கிறேன். சாப்பாட்டுப் பந்தி நேரம், யாரும் கேட்பதில்லை என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு வீட்டில், கை கழுவிவிட்டு வந்த பெரியவர் ஒருவர் பீரோ அளவு ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கடைசிவரை கேட்டார். பழைய தவில்காரர் என்று பிறகு தெரிந்தது. நான் எங்கெல்லாம் தாளத்தை முந்தி ஓடினேனோ அங்கெல்லாம் தாளம் போட்ட அவர் விரல் நின்றுவிட்டது, அதைப் பார்த்தே நான் நிதானத்துக்கு வந்தேன். இப்போதெல்லாம் வாசிக்கத் தொடங்கும் முன் அப்படி ஒரு ஆள் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று தேடுகிறேன், பெரும்பாலும் ஒருவராவது இருக்கிறார்.

தேரூர் அண்ணனிடம் ஒன்று கேட்க வேண்டும். டி-ஏ-டி-ஜி-ஏ-டி போட்டால் எனக்குக் கம்பி தொளதொள என்று ஆகி, கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட்டில் மோதி இரைகிறது. என்ன செய்வது?

தேரூரிலிருந்து:

தம்பி, 010 செட் (முதல் கம்பியின் கனம் 0.010 அங்குலம்) போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இந்த ட்யூனிங்குக்கு அது மெல்லிசு. 013-056 செட் மாட்டுங்கள், இறக்கிய பிறகும் இறுக்கம் இருக்கும். மூன்றாவதை மட்டும் சுற்றில்லாத 020 கம்பியாகத் தனியாக வாங்குங்கள். கம்பி கனமாகும்போது கழுத்து கொஞ்சம் வளையலாம், கழுத்துக்குள் வளைவைச் சரிசெய்கிற ட்ரஸ் ராட் என்ற உலோகத் தண்டைத் தெரிந்தவர் கையில் கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள். தூத்தூர் தங்கச்சி சொன்ன அண்ணன் உங்கள் ஊரில்தானே இருக்கிறார்.

தங்கச்சி, உங்கள் மெட்டைப் பற்றி எழுத எனக்கு வார்த்தை வரவில்லை. என்றாவது நேரில் கேட்க வேண்டும்.

இன்னொரு சேதி. குடக்காரர் என் அடுத்த மெட்டுக்குக் குடத்தையே வாசிக்கச் சம்மதித்திருக்கிறார். கிட்டாருக்கு நான் பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேராக ஒரு அடி தள்ளி மைக் வைக்கிறேன், அது பழகிவிட்டது. குடத்துக்குத்தான் இடம் பிடிபடவில்லை. வாய்க்கு நேராக வைத்தால் காற்று மோதி ஒலி உடைகிறது, வயிற்றுப் பக்கம் வைத்தால் மட்டையின் ஓசை போய்விடுகிறது. கடம், தவில், குடம் எதையாவது பதிவு செய்தவர்கள் இருந்தால் மைக்கை எங்கே வைத்தீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த கொடை தொடங்கிவிட்டால் அப்புறம் அவரைப் பிடிக்க முடியாது.