மரியா சபினாவின் காளான் சடங்கு: வெளியாட்கள் வந்தபின் கெட்டது எங்கே?

கேள்வி: மெக்சிகோவின் மசாதெக் பழங்குடி மருத்துவச்சி மரியா சபினா நடத்திய இரவுச் சடங்கு எப்படி நடக்கும்? அது ஏன் சீர்குலைந்தது?

பதில் 1: நோயாளி இருந்தால்தான் சடங்கே. மழைக்காலத்தில் பறித்த, மனக்காட்சிகளை உண்டாக்கும் காளானைக் கோபால் (copal) என்ற மரப்பிசின் புகையில் காட்டி, ஜோடி ஜோடியாகக் கொடுப்பார். 1955 ஜூனில் அங்கே வந்த அமெரிக்கக் காளான் ஆய்வாளர் கார்டன் வாசனுக்குக் கிடைத்தது ஆறு ஜோடி. பிறகு மெழுகுவர்த்தியை அணைத்துவிட்டு விடிய விடியப் பாடுவார். நோயின் காரணம் அந்தப் பாட்டில்தான் தெரியவரும்.

பதில் 2: பத்தியத்தை விட்டுவிட்டீர்களே! சடங்குக்கு முன்னும் பின்னும் நான்கு நாள் உடலுறவு கூடாது. பின்னால் வந்த ஹிப்பிகளுக்கு நோயும் இல்லை, பத்தியமும் இல்லை, பகலிலேயே தின்றார்கள்.

பதில் 3: 1957இல் அமெரிக்காவின் லைஃப் இதழ் வாசனின் கட்டுரையில் மரியா சபினாவின் பெயரை மாற்றித்தான் போட்டது, அப்படியும் வெளியாட்கள் ஊரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அடிபட்டது அவர்தான்: போலீஸ் சோதனை, ஊரார் கோபம், எரிந்த வீடு. காளானின் சக்தியே போய்விட்டது என்று வருந்தினார். 1985இல் ஏழையாகவே இறந்தார்.