கும்பகோணம் – தாராசுரம் – பட்டீஸ்வரம் – சுவாமிமலை: 20 கி.மீ. சுற்று ஓட்டத்துக்கு வழி கேட்கிறேன்

நெடுவழி

வணக்கம். பொங்கலை ஒட்டிக் கும்பகோணத்தில் தங்கல். அந்த வார நீள ஓட்டத்தை அங்கேயே ஓடலாம் என்று திட்டம். மகாமகக் குளத்தில் தொடங்கி தாராசுரம், பட்டீஸ்வரம், திருவலஞ்சுழி, சுவாமிமலை சுற்றி மறுபடி குளத்துக்கே வருவது. வரைபடத்தில் கோடு போட்டால் 20 முதல் 22 கி.மீ. வருகிறது. தார்ச்சாலையில் 18 கி.மீ. வரை பழக்கம் உண்டு. வேகம் கிலோமீட்டருக்கு 6:45 நிமிடம்.

எந்தப் பக்கமாகச் சுற்றுவது? வாய்க்கால் கரையில் ஓடலாமா, சாலைதான் சரியா? தண்ணீர் எவ்வளவு வேண்டும்? நாய்த் தொல்லை எப்படி? கோயில்களையும் போகிற போக்கில் பார்த்துவிடலாமா?

லயன்கரை

தாராசுரம் பக்கமாகவே தொடங்குங்கள். இந்தச் சுற்றில் ஓடுகிறவருக்குச் சங்கடமான துண்டு கும்பகோணம் – தாராசுரம் நெடுஞ்சாலைதான். தஞ்சாவூர் பேருந்துகள் எல்லாம் அந்த வழி; ஓரம் குறுகல். அதைப் போக்குவரத்து ஏறுவதற்கு முன் முடித்துவிட வேண்டும். பொங்கல் சமயத்தில் சூரிய உதயம் ஏறக்குறைய 6:30. காலை 5:45க்குக் குளக்கரையில் கிளம்பினால் அந்த நாலு கி.மீ.யையும் தெருவிளக்கு வெளிச்சத்தில் கடந்து, 6:15 வாக்கில் கிழக்கு வெளுக்கும்போது தாராசுரத்தில் இருப்பீர்கள். வயல்வெளி தொடங்கும் இடத்தில் பாதை கண்ணுக்குத் தெரியும். மாற்றிச் சுற்றினால் வயல்வெளி இருட்டிலும் நெடுஞ்சாலை எட்டரை மணி நெரிசலிலும் வரும்.

அந்த நாலு கி.மீ.க்கும் சாலையின் வலது ஓரத்தில், வண்டி எதிரே வருவது தெரியும்படி ஓடுங்கள். தலைவிளக்கும் ஒளி திருப்பும் பட்டையும் கட்டாயம். உள்பக்கம் மறையும் வளைவில் மட்டும் முன்கூட்டியே எதிர் ஓரத்துக்கு மாறிவிடுங்கள்.

தாராசுரத்திலிருந்து தெற்கே திரும்பினால் அரசலாற்றுப் பாலம், பிறகு பட்டீஸ்வரம் வரை இரண்டு பக்கமும் நெல். இந்தச் சுற்றின் உயிரே இந்தப் பகுதிதான். நேரமிருந்தால் பட்டீஸ்வரத்தில் ராமநாதன் கோயில் பக்கம் ஒதுங்குங்கள். முதலாம் ராஜேந்திரன் தன் சிற்றன்னை பஞ்சவன்மாதேவிக்கு எடுத்த பள்ளிப்படை, அதாவது நினைவுக் கோயில் அது. பக்கத்திலேயே பழையாறை. சோழர்கள் மாளிகை கட்டி வாழ்ந்த ஊர் இன்று வயலும் வாழைத்தோப்புமாகக் கிடக்கிறது. நின்று பார்க்க வேண்டிய இடம்.

கைபேசி வரைபடத்தின் நடைவழியை அப்படியே நம்பாதீர்கள். வரப்பையும் கரையையும் அது பாதை என்று காட்டும். மதகு வரை போய், எதிர்க்கரைக்குப் பாலமே இல்லாமல் நிற்பீர்கள். முந்தின நாளே செயற்கைக்கோள் படத்தில் பாலங்களை எண்ணிக் குறித்து, அந்தப் புள்ளிகள் வழியாகவே கோட்டை வரைந்து கடிகாரத்தில் ஏற்றுங்கள். பட்டீஸ்வரம் – திருவலஞ்சுழி துண்டில்தான் இந்தத் தவறு அதிகம் நடக்கும்.

சேற்றுக்கால்

கரையைப் பற்றி: டெல்டாவில் எங்கே ஓடலாம் என்பதைத் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 மூடுவார்கள். ஆகவே பொங்கலுக்கு வாய்க்காலில் நீர் ஓட வாய்ப்பு அதிகம், கரைமண் உள்ளே ஈரமாகவே இருக்கும். மேலே காய்ந்த மாதிரி தெரியும், மிதித்தால் வழுக்கும். இது களியும் வண்டலும் கலந்த மண். சுவாமிமலை ஸ்தபதிகள் உலோகச் சிலை வார்க்க மெழுகு உருவத்தின் மேல் அப்புவது காவிரி வண்டல்தான். நகக்கண் அளவு நுணுக்கத்தையும் பதிவு பிடிக்கிற மண், உங்கள் காலணிப் பள்ளத்தை விட்டுவைக்குமா? நூறு மீட்டரில் அடிப்பகுதி முழுக்க அப்பிக்கொண்டு, ஒவ்வொரு காலும் கனக்க ஆரம்பிக்கும். அடியில் ஆழமான பல் உள்ள மலைப்பாதைக் காலணி இங்கே இன்னும் மோசம். பல்லுக்குள் புகுந்த களி உதிராது. 2–3 மி.மீ. பல், பல்லுக்குப் பல் இடைவெளி அகலமாக உள்ளது போதும். சாதாரணச் சாலைக் காலணியிலேயே முழுச் சுற்றையும் முடிக்கலாம்.

சரளை போட்ட லயன்கரை (வாய்க்கால் கரைமேல் போகும் பாதை) என்றால் தாராளமாக ஓடுங்கள். புல் மூடிய கரையில், நன்றாக விடியும் முன் இறங்கவே வேண்டாம். சம்பா முற்றும் நேரம். கதிருக்கு எலி வரும், எலிக்குக் கண்ணாடி விரியன் வரும். இருட்டில் அது மண்ணோடு மண்ணாகக் கிடக்கும். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. காலை அசைக்காமல் படுத்து, 108ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சாலையிலும் ஒன்று கவனியுங்கள். அறுவடை தொடங்கியிருந்தால் தாரிலேயே நெல்லும் வைக்கோலும் பரப்பியிருப்பார்கள். பனி இறங்கிய வைக்கோல் சோப்பு மாதிரி வழுக்கும். நெல்லை மிதிக்காமல் சுற்றிப் போங்கள்; அது ஒரு குடும்பத்தின் ஆறு மாத உழைப்பு. அறுவடை இயந்திரம் போட்டுவிட்டுப் போன மண்கட்டி காய்ந்தால் கல் போல ஆகிவிடும். கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் அதில்தான்.

உப்பும்நீரும்

தண்ணீர்க் கணக்கு. அந்த மாதக் காலையில் வெப்பம் குறைவு, ஆனால் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாது, வழியும். அதனால் வழக்கமான வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு 15–20 நொடி மெதுவாகவே வையுங்கள். மொத்தம் இரண்டரை மணி நேரம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

உங்கள் வியர்வை அளவை இப்போதே கண்டுபிடியுங்கள். ஆடையில்லாமல் எடை பார்த்து, ஒரு மணி நேரம் எதுவும் குடிக்காமல் ஓடி, துடைத்துவிட்டு மறுபடி எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்வை. அதில் பாதிக்குக் கொஞ்சம் மேலே குடித்தால் போதும். பலருக்கு இது மணிக்கு 400–600 மி.லி. வரும். இழந்ததைவிட அதிகமாக வெறும் தண்ணீரைக் குடிப்பதுதான் ஆபத்து: ரத்தத்தில் சோடியம் இறங்கித் தலைவலி, குமட்டல், குழப்பம் வரும்.

அரை லிட்டர்க் குப்பி இரண்டு சுமந்தால் போதும். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் ஓஆர்எஸ் (உப்பு-சர்க்கரைக் கரைசல்). ஓஆர்எஸ் பொட்டலத்தை அரையும் காலுமாகப் பிரித்துப் போடாதீர்கள். உப்பும் குளுக்கோஸும் சீராகப் பிரியாது. முழுப் பொட்டலத்தையும் அறையிலேயே ஒரு லிட்டரில் கரைத்து, அதிலிருந்து அரை லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். பட்டீஸ்வரத்திலும் சுவாமிமலையிலும் கோயில் வாசலில் கடை உண்டு. ஆனால் ஏழு மணிக்குத் திறந்திருக்கும் என்று கணக்குப் போட வேண்டாம்.

மணிக்கு 30–40 கிராம் மாவுச்சத்து தேவை. ஒரு பூவன் பழமும் ஒரு கடலைமிட்டாயும் ஏறக்குறைய அந்த அளவு வரும். முதல் கடி 45ஆவது நிமிடத்தில். பசித்த பிறகு சாப்பிட்டால் தாமதம்.

நாய்: தெரு முனையில் கூட்டம் தெரிந்தவுடன் நடைக்கு மாறுங்கள். ஓடுகிற காலைத்தான் துரத்தும். முதுகைக் காட்டாமல், கண்ணை உற்றுப் பார்க்காமல் கடந்து போங்கள்; குனிந்து கல் எடுப்பதுபோல் காட்டினாலே பெரும்பாலும் விலகும். பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினால் ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே வெறிநாய்க்கடித் தடுப்பூசியின் முதல் ஊசி. ஓட்டத்தை முடித்துவிட்டுப் பார்ப்போம் என்ற பேச்சே கூடாது.

நெடுவழி

மிக்க நன்றி. கோயில் விஷயம் மட்டும் பாக்கி. தாராசுரத்தில் அரை மணி நிற்கலாமா?

கல்தேர்

வேண்டாம். அரை மணி நின்றால் தசை இறுகிவிடும், அடுத்த 16 கி.மீ. கனக்கும். தவிர, தாராசுரம் அரை மணியில் பார்க்கிற கோயில் இல்லை. இரண்டாம் ராஜராஜன் எடுத்தது, 12ஆம் நூற்றாண்டு. தேர் போலச் சக்கரமும் குதிரையும் பூட்டிய முன்மண்டபம், யானையும் காளையும் ஒரே தலையைப் பகிரும் சிற்பம், விரல் அளவு நடனப் பெண்கள். மாலை நாலரைக்கு மேல் தனியாகப் போங்கள். சாய்ந்த வெயிலில்தான் அந்தச் சின்னச் சிற்பங்களின் குழிவும் மேடும் எழுந்து நிற்கும். காலையில் வெளியே நின்று கோயில் விமானத்தை (கருவறைக் கோபுரத்தை) ஒரு பார்வை, அவ்வளவே.

ஒரே இடத்தில்தான் நிற்க வேண்டும் என்றால் திருவலஞ்சுழி. வெள்ளை விநாயகர் சன்னதியின் கல் பலகணியை (கல் சன்னலை) பார்க்கப் பத்து நிமிடம் போதும். இடுப்பில் சுற்றிக்கொள்ள மெல்லிய வேட்டி ஒன்று பையில் இருக்கட்டும். அரைக்கால் சட்டையோடு உள்ளே போவது முறையில்லை. வெளியே வந்ததும் பாதத்தைத் துண்டால் நன்றாகத் துடைத்து, மணலை உதறி, வேறு காலுறை மாற்றிய பிறகே காலணி போடுங்கள். பிராகார மணல் நாலு துகள் ஒட்டியிருந்தாலே அடுத்த ஐந்து கி.மீ.யில் கொப்புளம். பருத்திக் காலுறை வேண்டவே வேண்டாம், ஈரம் பிடித்துக்கொள்ளும்.

சுவாமிமலையின் 60 படிகளை ஓடி ஏறாதீர்கள். பக்தர்கள் ஒவ்வொரு படியாகத் தொட்டுக் கும்பிட்டு ஏறுகிற இடம் அது.

லயன்கரை

சுவாமிமலையிலிருந்து திரும்பும்போது கிழக்கு நோக்கி ஓடுவீர்கள், எட்டு மணி வெயில் நேரே முகத்தில் அடிக்கும். முன்விளிம்புத் தொப்பி எடுத்துக்கொள்ளுங்கள். முடியாமல் போனால் அங்கிருந்து கும்பகோணத்துக்கு நகரப் பேருந்து உண்டு, சில்லறை வைத்திருங்கள். அக்ரகாரத் தெருக்களில் வாசலை ஒட்டி ஓடாமல் நடுவில் ஓடுங்கள். பொங்கல் சமயம், கோலம் தெருவின் பாதி வரை வந்திருக்கும்.