“நீங்கள் இங்கே தங்குபவர்களா?”: தெற்கு ஆப்பிரிக்காவில் கறுப்புத் தோலோடு பயணம் போனவர்கள் எழுதுங்கள்

மதுரைக்காரி:

அம்மா மதுரை. அப்பா எண்பதுகளில் கென்யாவிலிருந்து மதுரைக்குப் படிக்க வந்தவர். நானும் தம்பியும் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் இங்கேதான். ஆனால் நிறமும் முடியும் முகவெட்டும் அப்படியே அப்பா. இதற்காக நம் ஊரில் பட்டதைத் தனியாக ஒரு நாள் எழுதுகிறேன். இப்போது சொல்ல வந்தது, சென்ற ஆண்டு நாங்கள் இருவரும் போய்வந்த பத்தொன்பது நாள் பயணத்தைப் பற்றி. ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி க்ரூகர் வனவிலங்குப் பூங்கா, பிறகு நமீபியா, கடைசியாக விக்டோரியா அருவி. கறுப்பர்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். அங்கே நம்மை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அதுவே பெரிய ஓய்வு என்று விமானத்தில் தம்பி சொல்லிக்கொண்டே வந்தான்.

இந்தப் பயணத்துக்கென்றே அவன் அளவு கொடுத்து ஒரு காக்கிச் சட்டை தைத்திருந்தான். நான்கு பை, தோளில் பட்டி. க்ரூகரில் முதல் நாள் விடியற்காலை ஐந்தரை மணிக்கு அதைப் போட்டுக்கொண்டு, விலங்கு பார்க்கப் போகும் வண்டிக்காக என்னோடு நின்றுகொண்டிருந்தான். வயதான வெள்ளைக்காரர் ஒருவர் வந்தார். தன் முதுகுப்பையை அவன் கையில் கொடுத்துவிட்டு, “முன் இருக்கை என் மனைவிக்கு” என்றார். அதட்டவில்லை, சிரித்த முகமாகத்தான் சொன்னார். தம்பி பையைப் பிடித்தபடி ஒரு நொடி விழித்துவிட்டு, “நானும் பயணிதான், ஐயா” என்றான். அவர் முகம் சிவந்துபோனது. மன்னிப்புக் கேட்டார். அதோடு போயிருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன். அன்று மாலை வேறோர் இடத்தில் வேறொரு பெண்மணி, நாளைக்கு வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும் என்று அவனிடம் வந்து கேட்டார். இரவு சட்டையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தான். அந்தப் பயணத்தில் பிறகு அதை எடுக்கவே இல்லை.

அந்தப் பூங்காவின் வடகோடியில் பாஃபூரி என்றொரு பகுதி இருக்கிறது. அங்கே வாழ்ந்த மகுலேகே மக்களை 1969-இல் கட்டாயமாக வெளியேற்றித்தான் அந்த நிலத்தைப் பூங்காவோடு சேர்த்தார்கள். வெள்ளையரின் நிற ஒதுக்கல் ஆட்சி போன பிறகு, 1998-இல் நில உரிமை அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. யாருடைய காடோ, அவர்களின் சாயலில் ஒருவன் அங்கே விருந்தாளியாக நிற்க முடியும் என்று இன்னும் பலருக்குத் தோன்றவில்லை.

ஆனால் என்னை உடைத்தது நமீபியாவின் ஸ்வகோப்முண்ட். ஜெர்மானியர்கள் உண்டாக்கிய கடற்கரை ஊர். இடுகாட்டில் ஒரு பக்கம் பெயர் பொறித்த கல்லறைகள், பராமரிப்போடு இருக்கின்றன. அதைத் தாண்டினால் பெயரே இல்லாத மணல் மேடுகள். 1904 முதல் 1908 வரை ஜெர்மன் படை நடத்திய இனப்படுகொலையில், முகாமில் பட்டினியாலும் நோயாலும் மடிந்த ஹெரேரோ, நாமா மக்கள் அங்கே கிடக்கிறார்கள். காற்று அடிக்க அடிக்க மேடுகளின் விளிம்பு கரைந்துகொண்டிருந்தது. தம்பி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை விடுதியின் சிற்றுண்டிக் கூடம். எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளைத் தம்பதி நேராக உள்ளே போய் உட்கார்ந்தார்கள். நாங்கள் வாசலுக்கு வந்ததும் மேற்பார்வைப் பெண் குறுக்கே வந்தார். “நீங்கள் இங்கே தங்குபவர்களா?” ஆமாம் என்றோம். அறை எண் கேட்டார், சொன்னோம். சாவியைக் காட்டச் சொன்னார். ஓரிக்ஸ் மானின் தலை செதுக்கிய மரத்துண்டில் கோத்த சாவி. தம்பி தூக்கிக் காட்டினான். பட்டியலைப் பார்த்துவிட்டு, “இது இந்தியப் பெயர் ஆயிற்றே” என்றார். அம்மாச்சி வைத்த பெயர். அது என்னுடைய பெயர்தான் என்று காட்ட மாடிக்குப் போய்ப் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்தேன். நான் திரும்பி வரும்வரை தம்பி வாசலிலேயே நின்றிருந்தான். அதற்குள் இன்னும் மூன்று குடும்பங்கள் அவனைக் கடந்து உள்ளே போயிருந்தன. ஒருவரிடமும் எண் கேட்கவில்லையாம்.

காபி கொண்டுவந்த பணிப்பெண்ணும் கறுப்பினத்தவர்தான். குனிந்து மெல்லிய குரலில், “ஓட்டுநர்களுக்குச் சாப்பாடு பின்கட்டில். அதனால்தான் கேட்கிறார்கள்” என்றார். எங்களைத் தேற்றுவதற்காகச் சொன்னார். அந்த இட்லி நிறக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன், குடிக்க முடியவில்லை.

உங்களில் யாருக்காவது, உங்களோடு வந்தவர்களுக்காவது இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

காபரோனிவாசி:

சகோதரி, படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே இருந்தேன். நான் கோவில்பட்டிக்காரன். பதினோரு ஆண்டுகளாகப் போட்ஸ்வானாவில் கணக்காளராக இருக்கிறேன். எனக்கு நேர்ந்ததைச் சொல்லவில்லை. என் பக்கத்தில் நின்றவருக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

அலுவலக நண்பர் ஒருவர், போட்ஸ்வானாக்காரர். தென்னாப்பிரிக்காவில் அவருடைய உறவுக்காரர் வீட்டுத் திருமணத்துக்கு நாங்கள் இருவரும் காரில் போனோம். இருட்டிவிட்டதால் வழியில் ஒரு சிற்றூரில் தங்கலாம் என்று, பெயர்ப்பலகையில் இருந்த எண்ணுக்கு அவர் தொலைபேசினார். இடமில்லை என்றார்கள். கொஞ்சம் பொறுத்து, ஏதோ தோன்றி நான் என் தொலைபேசியிலிருந்து கூப்பிட்டேன். என் ஆங்கிலம் நம் ஊர் ஆங்கிலம்; கேட்டவுடனே தெரிந்துவிடும். “இரண்டு அறை இருக்கிறது, வாருங்கள்” என்றது அதே குரல். ஒலிபெருக்கியில் போட்டிருந்தேன், நண்பரும் கேட்டார். சண்டை போடுவார் என்று நினைத்தேன். “வண்டியை எடு, அடுத்த ஊருக்குப் போவோம்” என்றார். தொண்ணூறு கிலோமீட்டர். வழியெல்லாம் அவர் பேசியது அவருடைய அப்பாவைப் பற்றி. அவர் அப்பா தென்னாப்பிரிக்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கறுப்பர்கள் நடைச்சீட்டு இல்லாமல் தெருவில் காலடி வைக்க முடியாத காலம். அந்த நடைச்சீட்டுச் சட்டங்கள் 1986-இல் போயின. பொது இடங்களைப் பிரித்து வைத்த 1953-ஆம் ஆண்டுச் சட்டம் 1990-இல் நீக்கப்பட்டது. “சீட்டு போய்விட்டது, இப்போது குரலைக் கேட்கிறார்கள்” என்றார்.

இங்கே படிப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். தென்னாப்பிரிக்காவில் 2000-ஆம் ஆண்டு கொண்டுவந்த சமத்துவச் சட்டத்தின்படி இப்படி அறை மறுப்பது சட்டவிரோதம். சமத்துவ நீதிமன்றத்தில் முறையிடலாம். கட்டணம் கிடையாது, வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் கிடையாது. மனித உரிமை ஆணையத்துக்கும் எழுதலாம். 2016-இல் க்வாசூலு-நட்டாலின் சொத்வானா விரிகுடாவில் ஒரு விடுதிக்காரர், கறுப்பர்களுக்கு இடம் தருவதில்லை என்று வெளிப்படையாகவே சொன்னது நாடு முழுக்கப் பெரிய விவகாரமாகி ஆணையம் வரை போனது. நான் இதையெல்லாம் சொன்னபோது நண்பர், “கல்யாணத்துக்கு வந்தேன், வழக்குக்கு வரவில்லை” என்றார். அவரை என்ன சொல்வது? வெளியூர்க்காரர் இரண்டு நாள் விடுப்பில் வருகிறார். நீதிமன்றம் திறந்திருக்கும் நாளில் அவர் அலுவலகத்தில் இருப்பார்.

நாகர்கோவில் லண்டன்:

என் கணவர் கானாவில் பிறந்தவர். இருவருமே லண்டனில் செவிலியர்கள், இருவருக்கும் பிரிட்டிஷ் பாஸ்போர்ட். ஜோகன்னஸ்பர்க் விமான நிலையத்தில் என் பாஸ்போர்ட்டில் முத்திரை விழ அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவர் பாஸ்போர்ட்டில் பிறந்த ஊர் அக்ரா என்றிருப்பதைப் பார்த்ததும் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கேட்டார்கள். லண்டனிலிருந்து நேராக வருகிறோம், அட்டையே தேவையில்லை. ஆனாலும் அவர் வைத்திருந்தார். எப்போதும் வைத்திருப்பார். 2012-இல் இதே அட்டையைக் காரணம் காட்டி 125 நைஜீரியர்களைத் தென்னாப்பிரிக்கா திருப்பி அனுப்பி, நைஜீரியா பதிலடி கொடுத்து, கடைசியில் தென்னாப்பிரிக்க அரசு மன்னிப்புக் கேட்டது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து அட்டை அவர் பாஸ்போர்ட்டுக்குள்ளேயே இருக்கிறது.

கேப்டவுனில் கிளிஃப்டன் கடற்கரைக்குப் போனோம். 2018 டிசம்பரில் தனியார் காவலர்கள் மாலை நேரத்தில் மக்களை வெளியேறச் சொன்னார்கள் என்று கொதிப்பு எழுந்து, போராட்டக்காரர்கள் மணலிலேயே ஆடு அறுத்துச் சடங்கு செய்த இடம். நிற ஒதுக்கல் காலத்தில் வெள்ளையர் மட்டுமே கால் வைத்த கடற்கரை அது. அங்கே எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை. அவர் மட்டும் சூரியன் மறைவதற்கு முன்பே, “போதும், கிளம்பலாம்” என்றார்.

நடந்தது ஜோகன்னஸ்பர்க் தெருவில். இரண்டு காவலர்கள், இருவரும் கறுப்பர்கள், அவரிடம் ஜுலு மொழியில் ஏதோ கேட்டார்கள். அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னதும் குரல் மாறிவிட்டது. பாஸ்போர்ட், தங்கும் விடுதி, கையில் எவ்வளவு பணம் என்று ஒவ்வொன்றாக. ஒருவர் மற்றவரிடம் “மக்வெரெக்வெரே” என்றார். ஆப்பிரிக்காவின் மற்ற நாடுகளிலிருந்து வருபவர்களை இழித்துச் சொல்லும் சொல் அது. 2008 மே மாதம் வெளிநாட்டவர்கள் மீது நடந்த வெறியாட்டத்தில் அறுபது பேருக்கும் மேல் இறந்தார்கள். அப்போது ஆட்களை மறித்து, வெளிநாட்டவரா என்று அறிய, முழங்கைக்கு ஜுலுவில் என்ன சொல் என்று கேட்டுச் சோதித்தார்கள் என்று என் கணவர் எனக்கு முன்பே சொல்லியிருந்தார். காவலர்கள் போன பிறகு முழங்கைக்கான அந்த ஜுலுச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தார்: இந்தொலொல்வானே. “வெள்ளைக்காரர் விடுதிக்கு மனதைத் தயார் செய்துகொண்டு வந்தேன். இதற்குத் தயார் செய்யவில்லை” என்றார்.

டர்பனில் மூன்று ஆண்டு:

எழுதக் கூச்சமாக இருக்கிறது, எழுதத்தான் வேண்டும். நான் வாடகைக்கு இருந்த வீட்டின் உரிமையாளர் தமிழ் வழியினர். சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பரில் டர்பன் வந்துசேர்ந்த ட்ரூரோ கப்பலோடு தொடங்கிய ஒப்பந்தக் கூலிகளின் வம்சம். பெரியவர், வீட்டில் கந்தசஷ்டி விடாமல் கொண்டாடுபவர். டர்பன் கடற்கரையில் “வெள்ளையருக்கு மட்டும்” பலகையைப் பார்த்தே வளர்ந்ததாக என்னிடம் கண்ணீரோடு சொல்லியிருக்கிறார். மாடியில் ஓர் அறையைச் சுற்றுலா வருபவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுவார். ஜிம்பாப்வேயிலிருந்து ஓர் இளம் தம்பதி முன்பதிவு செய்துவிட்டுக் கைக்குழந்தையோடு வாசலில் வந்து நின்றார்கள். அவர் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, குழாய் உடைந்துவிட்டது என்று சொல்லும்படி என்னை அனுப்பினார். போய்ச் சொன்னேன். அந்தப் பெண் என்னையும் பார்த்தாள், தோட்டத்தில் குழாயிலிருந்து தண்ணீர் ஓடிக்கொண்டிருந்ததையும் பார்த்தாள். ஒன்றும் பேசாமல் குழந்தையைத் தோள் மாற்றிக்கொண்டு போனாள்.

இதைப் பெரியவரின் தலையில் மட்டும் போட எனக்கு உரிமை இல்லை. வாசலில் நின்று பொய் சொன்னது என் வாய்.

ஊர்சுற்றி:

மன்னிக்கவும், நான் மூன்று முறை போயிருக்கிறேன். தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, சாம்பியா. போன இடமெல்லாம் அன்பாகத்தான் நடத்தினார்கள். இங்கே எழுதுவதைப் படித்தால் யாருமே போக மாட்டார்கள் போலிருக்கிறதே.

மதுரைக்காரி:

ஊர்சுற்றி அண்ணா, உங்களை அன்பாக நடத்தியது உண்மையாகத்தான் இருக்கும், நான் மறுக்கவில்லை. உங்களோடு தோளுக்குத் தோள் ஒரு கறுப்பர் நடந்து வந்தாரா என்று மட்டும் நினைத்துப் பாருங்கள். லண்டன் அக்கா அரை நிமிடத்தில் வெளியே வந்துவிட்டார். அவர் கணவர் பக்கத்தில் இல்லாதிருந்தால் அவரும் உங்களைப் போலவே எழுதியிருப்பார்.

போகாதீர்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். நமீபியாவின் தலைநகர் விந்தோக்கில் கட்டுதுரா என்ற பகுதி இருக்கிறது. கறுப்பர்களைப் பழைய குடியிருப்பிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய்க் குடியேற்றிய இடம். 1959 டிசம்பர் 10 அன்று அதை எதிர்த்தவர்களைச் சுட்டார்கள். “நாங்கள் வாழ விரும்பாத இடம்” என்பதுதான் ஹெரேரோ மொழியில் அந்தப் பெயரின் பொருள். அங்கே சந்தையில் கபானா என்று மாட்டிறைச்சியைக் கண்ணெதிரே தணலில் வாட்டி, துண்டு துண்டாக வெட்டிக் கொடுப்பார்கள். மிளகாய்ப்பொடி கலந்த உப்பைத் தொட்டு நின்றபடியே சாப்பிட வேண்டும். கடைக்காரர் தம்பியிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். இவன் விழித்தான். அவர் சிரித்துவிட்டு, கத்தி நுனியில் ஒரு துண்டைக் குத்தி நீட்டினார். எவ்வளவு நேரம் அங்கே நின்றோம் என்றே தெரியவில்லை. பயணத்தில் தம்பி வயிறாரச் சாப்பிட்டது அங்கேதான்.

டர்பன் நண்பருக்கு: இதை எழுதியதற்கு நன்றி. அந்தப் பெண்ணின் இடத்தில் நான் என்னை வைத்துப் பார்த்தேன். உடனே வேறெதுவும் எழுத வரவில்லை.

காபரோனிவாசி:

சகோதரி, அந்த ஸ்வகோப்முண்ட் விடுதிக்கு எழுதினீர்களா? நமீபியாவிலும் 1991-ஆம் ஆண்டே இனப்பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்துவிட்டது. குறைகேள் அதிகாரி அலுவலகமும் இருக்கிறது. நாள், நேரம், கேட்ட கேள்விகள், உங்களுக்கு முன்னும் பின்னும் யாரையெல்லாம் கேட்காமல் விட்டார்கள் என்பதை வரிசையாக எழுதுங்கள்.

மதுரைக்காரி:

ஊர் திரும்பிய வாரமே விடுதிக்கு எழுதினேன். பன்னிரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. எல்லா விருந்தினர்களிடமும் அறைச் சாவியைச் சரிபார்ப்பது அவர்களுடைய வழக்கமாம். அடுத்த முறை வரும்போது பத்து விழுக்காடு தள்ளுபடியாம். படித்துவிட்டு அப்போது மூடி வைத்துவிட்டேன். நீங்கள் சொன்ன பிறகு நேற்று திரும்ப எடுத்தேன். அன்று வாசலில் நின்ற தம்பிக்கு, அவனைக் கடந்து போன மூன்று குடும்பங்களும் எந்தெந்த மேசையில் உட்கார்ந்தார்கள் என்பதுவரை நினைவிருக்கிறது. அவன் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். இம்முறை குறைகேள் அதிகாரிக்கும் ஒரு படி போகிறது. பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.